கதவு வைக்காத வாசல்

ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள், பள்ளிக்கூடத்தில் என் மேஜைமேல் ஒரு பொரிப் பொட்டலம் இருந்தது. பூஜை முடிந்து எல்லோருக்கும் கொடுத்தது. கூடவே இரண்டு சாமந்திப் பூ. எல்லா வாத்தியார்களும் பாட நோட்டைத் திருத்திக்கொண்டே கொறித்தார்கள். நான் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்காமல் பியூனிடம் கொடுத்துவிட்டேன். பொரிக்கு வாசம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு உண்டு. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் வறுத்த மணல், அதோடு ஈர சிமெண்ட். பொரியில் ஈர சிமெண்ட் எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நான் இயற்பியல் வாத்தியார். என் மனைவி வசந்தா பூகோள டீச்சர். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் சேலத்தில் வேறு வேறு பள்ளிக்கூடங்களில் வேலை, ஒரே வாடகை வீடு. எங்களுக்கு இரண்டு பைத்தியம் உண்டு. ஒன்று ஊர் சுற்றுவது. இன்னொன்று ஏற்காட்டு மலையில் சொந்தமாக ஒரு வீடு கட்டுவது. வாத்தியார்களுக்குக் கிடைப்பதோ பரீட்சை லீவு மட்டும்தான். அதனால் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். ஒரு லீவு ஊட்டுக்கு, ஒரு லீவு ஊர் சுத்த. இது வசந்தாவின் வாசகம். அவள் ஓமலூர்ப் பக்கத்துக்காரி, வீட்டை ஊடு என்றுதான் சொல்வாள். நான் திருத்தப் போனால், பேசறது நானு, திருத்தறது நீங்களா என்பாள்.

நாகலூருக்கு அப்பால், காபித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு துண்டு நிலம் வாங்கினோம். எங்களுக்கு மேலே ஏறினால் மலைக்காரர்களின் சின்ன ஊர், இருபது வீடு இருக்கும். காலங்காலமாகச் சாமையும் காபியும் போட்டுப் பிழைப்பவர்கள். எங்களுக்குக் கீழே சரிவு, சில்வர் ஓக் மரங்கள், ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. சிக்கிமுக்கும் சிம்லாவுக்கும் வரைபடம் வைத்திருந்த பூகோள டீச்சர், தன் சொந்த நிலத்துக்குக் கீழே முந்நூறு அடி இறங்கிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அஸ்திவாரத்துக்கு அளந்து நூல் கட்டிய நாள் காலாண்டு லீவின் முதல் நாள். மறுநாள் டார்ஜிலிங்குக்கு ரயில். எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவு மூடுபனி. மேஸ்திரி பழனிச்சாமி சேலத்துக்காரர், நிதானமான மனிதர். பனி தெளியட்டும் சார், மேலயும் கீழயும் நடந்து பாத்துட்டு நூல் கட்டலாம் என்றார். எங்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? பெட்டி கட்டின மனசு வீட்டில் நிற்குமா? அந்தப் பனியிலேயே துழாவி நடந்தபோது ஓர் அதிசயம் தட்டுப்பட்டது. ஆறடி அகலத்துக்கு ஒரு பட்டைத் தரை. புல் இல்லை, வேர் இல்லை, காலால் உதைத்தால் கணீரென்று கெட்டி. எங்களுக்காகவே யாரோ திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி வைத்த மாதிரி இருந்தது. வசந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை நட்ட நடுவில் வைத்துக் கட்டினால் தரை ஒருநாளும் இறங்காது என்று நானும் இயற்பியல் பேசினேன். முன்வாசலும் பின்வாசலும் அந்தப் பட்டையின் மேலேயே நேருக்கு நேர் வந்தால் காற்றோட்டம் என்றாள். மேஸ்திரி தலையைச் சொறிந்துவிட்டு நூலைப் பிடித்தார். மறுநாள் நாங்கள் ரயில் ஏறிவிட்டோம்.

அரையாண்டு லீவில் சுவர் எழும்பியது, நடுவில் கூடம், இருபுறமும் ஒவ்வோர் அறை. வாசல்களுக்கு நிலை வைத்தோம். கதவு மட்டும் அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளிப்போனது. மே மாதம் சிம்லா. நாங்கள் அங்கே மலைப்பாதையில் குதிரைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்த வாரத்தில், மேஸ்திரி உள்ளே தரை கான்கிரீட் போட்டார். சனிக்கிழமை மத்தியானம் அதை முடித்துவிட்டு, ஈரம் காயுமுன் ஆட்கள் எல்லாம் மலை இறங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை, ஊர் திரும்பியிருந்த நாங்களும் அவர்களும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போய் இறங்கினோம்.

தரை முழுக்கக் கால்தடங்கள். ஒன்றிரண்டு அல்ல, முப்பது நாற்பது பேருடையது. வெறுங்கால்கள். முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறியிருந்தன. நடுவில் சில தடங்கள் மற்றவற்றைவிட ஆழமாகப் பதிந்திருந்தன, பாரம் தூக்கினவர்கள் கால் போல. எஸ்டேட் ஆளுங்க குறுக்கால போயிருப்பாங்க சார் என்று மேஸ்திரி பூச்சுக் கரண்டியை எடுத்தார். வசந்தா குனிந்து பார்த்துக்கொண்டே தரையைச் சுற்றி வந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க, ஒரு காலு கூடத் திரும்பி வரலீங்க" என்றாள்.

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் அந்தத் தரையில் கால் வைக்கவில்லை. மறுநாள் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கி வந்து, வேலையைத் தொடங்குவதற்கு முன் பழத்தை அறுத்து வைத்துச் சூடம் ஏற்றினார். மேலே ஒரு பூச்சு பூசித் தடங்களை மறைத்தோம். மறைத்த இடம் எனக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த லீவு ஹம்பி. ஒப்பந்தப்படி அது வீட்டுக்கான லீவு. ஆனால் இருவருமே ஏதோ சாக்குச் சொல்லி ஊர் சுற்றப் போனோம். வீட்டுக்குப் போகப் பயம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், நடுத்தரையில் வெள்ளை வெளேரென்று பொரி இறைந்து கிடந்தது. மிதிபட்ட சாமந்தி இதழ்கள். சுவருக்கு வைத்த பூச்சு இன்னும் காயாததால் ஈர சிமெண்ட் வாசம். அதில் பொரி நமுத்துக் கிடந்தது. நான் விளக்குமாற்றைத் தேடினேன். வசந்தா வெளியே போய்க் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கதவைப் போட்டுப் பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தச்சர் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. இரண்டு கதவும் முந்தின நாளே வந்து சுவரோரம் சாய்ந்திருந்தன. முதல் பஸ்ஸிலேயே போய்விட்டோம். பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு அவள் அந்தச் சுவரோரம், நான் இந்தச் சுவரோரம் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினோம். வாசலில் மூடுபனி திரை போட்ட மாதிரி நின்றது.

மேலேயிருந்து தப்பட்டைச் சத்தம் இறங்கி வந்தது. வர வர நெஞ்சில் இடித்தது. எங்கள் வாசலுக்குப் பத்தடி தள்ளி, சட்டென்று நின்றுவிட்டது. பனிக்குள்ளிருந்து ஒரு பாடை வந்தது. நிலையில் இடிக்காமல் இருக்க, தூக்கி வந்தவர்கள் முழங்காலை மடக்கிக் குனிந்தார்கள். குனிந்த விதத்தைப் பார்த்தால் புதுசாகக் குனிகிறவர்களாகத் தெரியவில்லை. பாடையின்மேல் ஒரு கிழவர், முகம் திறந்திருந்தது. எனக்கும் வசந்தாவுக்கும் நடுவே அவர் போனார். பின்னால் ஆட்கள். ஒருவர்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல் நடந்தார்கள். ஒரு பிடி பொரி வசந்தாவின் மடியில் விழுந்தது. பின்வாசலைத் தாண்டியதும் பனி மூடிக்கொண்டது. கொஞ்சம் கழித்து, கீழே சரிவில் தப்பட்டை மறுபடி தொடங்கியது. என் கையிலிருந்த காபி முழுக்க வேட்டியில் கொட்டியிருந்தது. சுட்டது கூடத் தெரியவில்லை.

மேல் ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர் வெள்ளையம்மா ஒருவர்தான். பக்கத்து எஸ்டேட்டில் காபி பறிக்க வருவார், ஐம்பது வயதிருக்கும். வேலியோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வசந்தா ஓடினாள், பின்னால் நான். இறந்தவர் அவருடைய பெரிய மாமனாம். ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்கள் சுடுகாடு. நாங்கள் கண்டெடுத்த கெட்டித் தரை, தலைமுறை தலைமுறையாகப் பாடை போன வழி.

முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று வசந்தா கேட்டாள். வெள்ளையம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"எதுக்குங் கண்ணு சொல்லோணும்? வாசலுக்கு நேரா வாசல் வெச்சு, கதவும் வெக்காம உட்டிருக்கீங்க. எங்க வழிய மறிக்கக் கூடாதுன்னுதான் இப்படிக் கட்டறீங்கன்னு ஊரே பெருமையாப் பேசுது. அடுத்தவிய ஊட்டுக்குள்ள தப்பட்டை அடிக்கக் கூடாது, ஊட்டுக்காரவியளப் பாக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க."

திரும்பி வந்த கால் ஏன் இல்லை என்று கேட்டேன். போன வழியில் திரும்பக் கூடாதாம், ஓடையைச் சுற்றித்தான் வருவார்களாம். வேறு வழியாக எடுத்துக்கொண்டு போனால் என்ன என்றேன். வெள்ளையம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போறவங்களுக்கு வழி தெரியாதுங்க சார். ஊரையே சுத்திக்கிட்டு இருப்பாங்க."

தச்சர் வந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் வசந்தாவைத் தனியே அழைத்து, விற்றுவிடலாம் என்றேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்துபோயிருந்தேன். பிணம் போகிற வீட்டில் எப்படிச் சோறு தின்பது? கதவை மாட்டினால் ஓர் ஊரே எங்களை நம்பினது பொய்யாகிவிடும். மாட்டாவிட்டால் இதில் குடியிருக்க முடியாது. அத்தனை லீவு, இரண்டு பேர் உழைப்பு, எங்கள் ஒரே வீடு. சுவரோரம் சாய்ந்திருந்த கதவுகளை வசந்தா கையால் தடவிப் பார்த்தாள். பிறகு தச்சரிடம் போய், "அண்ணா, ஒண்ண இந்தப் பக்கம் ரூமுக்கு மாட்டுங்க, ஒண்ண அந்தப் பக்கம் சமையக்கட்டுக்கு. நடுவுல இருக்கறது எங்களுது இல்லீங்க" என்றாள்.

அப்படித்தான் எங்கள் வீடு இரண்டாயிற்று. நடுவில் முன்னும் பின்னும் திறந்த நடை. இந்தப் பக்கம் படுக்கையறை, அந்தப் பக்கம் சமையலறை. வந்த நண்பர்கள் இது என்ன டிசைன் என்று கேட்பார்கள். காற்றோட்டம் என்பேன்.

மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு குடி வந்தோம். மேலே தப்பட்டை கேட்டால், யார் எந்தப் பக்கம் இருக்கிறோமோ அந்தப் பக்கக் கதவைச் சாத்திக்கொள்வோம். தப்பட்டை நிற்கும். காலடிச் சத்தம் போகும். கீழே தப்பட்டை மறுபடி தொடங்கினதும் கதவைத் திறப்போம். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? ஒருமுறை கதவிடுக்கில் கண்ணை வைத்துப் போனவர்களை எண்ணினேன். பதினாறு பேர். பதினாறாவது ஆள் போன பிறகும் சிமெண்டில் வெறுங்கால்கள் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு நான் எண்ணியதில்லை. வகுப்பில் ஒலி அலை பாடம் நடத்தும்போது இப்போதும் கொஞ்சம் தடுமாறுவேன்.

ஊர் சுற்றுவதை மட்டும் நாங்கள் விடவில்லை. பூரிக் கடற்கரையில் ஒருநாள் காலையில், அலையில் கால் நனைத்து நின்ற வசந்தா திடீரென்று புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டாள். எதிரில் யாருமில்லை. என்ன என்றேன். ஒண்ணுமில்லீங்க, வாங்க என்றாள். ஊர் திரும்பியதும் நடையில் பொரி கிடந்தது. அவளே பெருக்கினாள். பயம் எப்போது போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. என்னுடையது போகவே இல்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் மேல் ஊருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ரிசார்ட் வந்தது. வழிக்குக் குறுக்கே சுவர். ஊர்க்காரர்கள் போய்க் கேட்டதற்கு, சின்னதாக ஓர் இரும்பு கேட் வைத்து, சாவு விழுந்தால் திறந்துவிடுகிறோம் என்றார்கள். இரண்டு தடவை திறந்தார்கள்.

போன சித்திரையில் ஒரு காலை, வெள்ளையம்மா இறந்துவிட்டதாகப் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். வசந்தா நடையைக் கழுவிவிட்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இந்தப் பக்கம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். தப்பட்டை வரவில்லை. என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் புதுத் தார் ரோட்டின் வளைவு தெரியும், சமையலறையிலிருந்து தெரியாது. அந்த வளைவில் மாலை போட்ட ஒரு வெள்ளை வேன் திரும்பியது. முன் சீட்டில் வெள்ளையம்மாவின் மகன் உட்கார்ந்திருந்தான். ரிசார்ட்டில் அன்றைக்கு ஏதோ கல்யாண விருந்தாம், விருந்தாளிகளுக்குச் சங்கடம் என்று கேட்டைப் பூட்டிவிட்டார்களாம், அதனால் ரோட்டு வழியாகவே எடுத்துப் போனார்களாம். இது அவன் பிற்பாடு என்னிடம் சொன்னது.

"ஏனுங்க, போயிட்டாங்களா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து வசந்தா கேட்டாள்.

"போயிட்டாங்க" என்றேன்.

கதவைத் திறந்து வந்தாள். அழுதிருந்தாள். "தப்பட்டை இல்லாமக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஆனாக் காலடி கேட்டுச்சுங்க. இந்தத் தடவ நொம்பப் பேரு" என்றாள்.

மேல் ஊரில் இப்போது ஏழெட்டு வீடுதான் மிச்சம். சுவருக்கு அந்தப் பக்கம் வழி இருந்த இடத்தில் புல்தரை வளர்த்து நாற்காலி போட்டிருக்கிறார்கள். இந்த லீவுக்குக் கட்ச் போகலாம் என்று நான் டிக்கெட் எடுத்தேன். நாம இல்லாதப்ப யாராச்சும் வந்தா, என்று வசந்தா மறுத்துவிட்டாள். மே மாத லீவிலும் இதையேதான் சொன்னாள். இனிமேல் யாரும் வரமாட்டார்கள் என்று சொல்ல வேண்டுமானால், அந்த வேனைப் பற்றியும் அவளிடம் சொல்லியாக வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.