உள்ளே போகிற தண்ணீருக்குத் திறப்பு விழா

1. மோட்டார்

விழாவுக்கு முந்தின நாள், கன்னடமும் புழங்கும் எல்லையோர மூக்கண்டப்பள்ளியில் போய் இறங்கினால், எங்கள் ரீசார்ஜ் போர்வெல்லுக்குள் ஒப்பந்ததாரர் முனிராஜ் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தார். நகரத் தண்ணீர் ஆராய்ச்சியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். தலையில் கை வைத்துக்கொண்டு ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரீசார்ஜ் போர் தண்ணீர் எடுக்க அல்ல. கூரையில் விழும் மழைநீரை மணல், ஜல்லித் தொட்டியில் வடிகட்டி, வற்றிப்போன போர் வழியாகப் பாறை இடுக்குகளுக்கு அனுப்புவதற்கு. இடுக்கு வழியே அது பக்கத்தில் உயிரோடு இருக்கும் போருக்குப் போய்ச் சேரும். இங்கே அந்தப் பக்கத்துப் போர் நூர்ஜஹான் அக்காவுடையது. கணவர் காலமான பிறகு அவருக்கு ஜீவனமே லைன் வீட்டு வாடகைதான். குடியிருப்பவர்கள் ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி ஆட்கள். தண்ணீர் நின்றால் அவர்கள் நிற்கமாட்டார்கள். அந்தப் பயத்தில்தான் தன் வற்றிய போரையும் கூரையையும் எங்களிடம் ஒப்படைத்திருந்தார்.

"மோட்டார் எதுக்கு முனிராஜ்?"

"நாளைக்குப் பெரிய சார் ஸ்விட்ச் போடணுமே மேடம்." நிதி கொடுத்த கம்பெனியின் மேலாளரைச் சொன்னார்.

"போட்டா என்ன வரும்? இதுல தண்ணி உள்ளதான் போகும்."

"உள்ள போறதுக்கு யாரு மேடம் கை தட்டுவாங்க? போர் திறக்கறதுன்னா தண்ணி பீச்சி அடிக்கணும். அதுமேல மஞ்சள், குங்குமம், பூவு போடணும். இங்க அதான் வழக்கம்."

"வத்தின போர்ல எங்கேருந்து பீச்சும்?"

"கெலமங்கலத்துலேருந்து டேங்கர் சொல்லிட்டேன். ஊத்தி வெச்சுக்கலாம்."

எங்கள் ஆராய்ச்சி நிறுவன இயக்குநருக்குப் போன் போட்டேன். "ஒரு நாள் கூத்துதானேம்மா, விடுங்க. குடுக்கறவங்க மனசு கோணக் கூடாது" என்றார். மழைநீரைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர் இவர்.

2. கை தட்டல்

டேங்கரில் வந்தது கலங்கிய ஏரித் தண்ணீர். வடிகட்டித் தொட்டியை விட்டுவிட்டு, குழாயை நேரே போருக்குள் விட்டார்கள். நான் கத்தியது நாதஸ்வரத்தில் அமுங்கிப்போனது. பெரிய சார் ஸ்விட்ச் போட்டார். செம்மண் நிறத்தில் தண்ணீர் பீச்சியது. பூ போட்டார்கள், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உள்ளேயே போட்டார்கள், கை தட்டினார்கள். கல்வெட்டில் எல்லார் பெயரும் இருந்தது, மழை என்ற சொல் மட்டும் இல்லை.

கார்கள் கிளம்பியதும் மோட்டாரைக் கழற்றச் சொன்னேன்.

"பூசை போட்ட மோட்டாரை ஒடனே கழட்டினா அபசகுனம் மேடம். ஒரு அமாவாசை போகட்டும்."

அமாவாசைக்குப் பிறகு கேட்டால், "ஆய்த்து மேடம், ஆய்த்து" என்று கன்னடத்துக்குத் தாவிவிட்டார். முடிந்தது என்று அர்த்தம். முனிராஜ் சொன்னால், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

3. மழை

மழை அவருக்காகக் காத்திருக்கவில்லை. கொட்டுகிற மழையில் நூர்ஜஹான் அக்கா கூப்பிட்டார். "மேடம், தண்ணி எறங்கவே மாட்டேங்குது. தொட்டி ரொம்பி சாக்கடைக்கு ஓடுது. என் கூரைத் தண்ணிங்க மேடம் அது!"

ஓடினேன். டேங்கர் சேறு பாறை இடுக்குகளையும் மோட்டாரையும் அடைத்திருந்தது. அந்தப் பருவ மழை முழுவதும் வீண். தெருவிலோ என் பெயர்தான் நாறியது. "பூசையன்னைக்கு வந்துச்சே, இப்ப ஸ்விட்ச் போட்டா வெறும் காத்துதான் வருது. அந்தம்மா போட்ட போர் ஃபெயிலுங்க" என்று என் காதுபடவே பேசினார்கள். கோடையில் அக்காவின் போர் இளைத்து, விட்டு விட்டு வந்தது. மூலை வீட்டுக் குடும்பம் சாமான்களை ஆட்டோவில் ஏற்றியது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இனி யாரையும் கேட்பதில்லை என்று மறுநாளே நின்று மோட்டாரைக் கழற்ற வைத்தேன். கம்ப்ரசர் விட்டு போரைச் சுத்தம் செய்தோம். காற்றழுத்தத்தில் சேறும், அழுகிய பூவும், அந்த எலுமிச்சம்பழமும் சேர்ந்து வானத்துக்குப் பீச்சின. சுற்றி நின்ற கூட்டம் கை தட்டியது!

"பாத்தீங்களா மேடம்," என்றார் முனிராஜ், "பீச்சினாதான் ஜனங்களுக்குத் திருப்தி."

அவரை என்ன செய்வது?

4. விழாக் குழாய்

அடுத்த மழையில் தண்ணீர் மளமளவென்று உள்ளே இறங்கியது. யாரும் பார்க்க வரவில்லை. அதற்கடுத்த கோடையில் அக்காவின் போர் நிற்கவில்லை.

அதிலிருந்து நான் போடும் ஒவ்வொரு வரைபடத்திலும் ஓரமாக ஒரு டிரம், ஒரு சின்ன மோட்டார், ஒரு குழாய் இருக்கும். போருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரியவர்கள் அதில் ஸ்விட்ச் போடுவார்கள், பூ போடுவார்கள், போய்விடுவார்கள். ஊர் வழக்கத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அதற்குத் தனியாக ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் நான் கற்றது. இத்தனை படிப்புக்கு இது பெரிய கண்டுபிடிப்பு இல்லைதான்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கல்வெட்டின்மேல், எங்கள் இயக்குநர் பெயர் மறைய, கம்பெனி யூனிஃபார்ம்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"மூலை வீட்டுக்குப் புதுசா வந்தவங்களுதுங்க மேடம்," என்றார் அக்கா. "எடுக்கச் சொல்லட்டுமா? யாராச்சும் வந்து பாத்தா ஏதாச்சும் சொல்லுவாங்களோ?"

"இருக்கட்டும் அக்கா," என்றேன். "துவைக்கத் தண்ணி இருக்குதுல்ல."