மறுபடியும் ஒரு குழாய் இரத்தம்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆவடியில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் இருவர் வேலை பார்த்தோம். இருவரும் ஒரே கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள். மதிப்பெண்ணில் நான் முந்தியவன். மனிதர்களிடத்தில் அவன் முந்திக்கொண்டான். சன்னலருகே வந்து நிற்கும் உறவினர்கள்கூட என்னைத் தாண்டி அவனைத்தான் தேடுவார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

வார்டை இரண்டு மருத்துவர்கள் நாள் மாற்றி நாள் பார்த்தார்கள். ஒருவர் எழுதிய இரத்தப் பரிசோதனையை மற்றவர் ஏற்பதில்லை. தம் முறை வந்ததும் அதையே மீண்டும் எழுதுவார். முந்தைய நாளின் முடிவு கட்டிலிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். நான் ஊசியோடு போய் நிற்பேன்.

சேக்காட்டிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்திருந்தாள். பிரசவத்துக்குப் பின் இரத்தம் குன்றி, நடக்கவே தள்ளாடினாள். இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொண்டு சில வாரங்களாவது அவள் தங்கியாக வேண்டும். நான்காம் நாள் காலை, என்னைக் கண்டதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒடம்புல ரத்தம் இல்லன்னு சேத்துக்கினு, கீற ரத்தத்தையும் தெனம் உறிஞ்சிக்கினு போறியே, இது நாயமா? நா ஊட்டுக்குப் போறேன்."

அந்த நிலையில் வீட்டுக்குப் போனால் அவள் மீள்வது கடினம். நான் நேரே அன்று முறையிலிருந்த மருத்துவரிடம் சென்றேன். சிகிச்சையை மாற்றாத பரிசோதனை நோயாளிக்கு வெறும் வலி. அதனால் அவசர மாதிரிகள் காத்துக்கிடக்கின்றன. நோயாளி நம்பிக்கை இழந்தால் மருந்தும் வீண். ஓராண்டாக மனத்துக்குள் செதுக்கிய வாதம் அது.

"நேத்து அவர் பாத்தார், இன்னிக்கு நான் பாக்கணும். பிரசங்கம் அப்புறம், முதல்ல போய் எடு" என்றார் அவர்.

அப்போது அவன் வந்தான்.

"சார், ரத்த அளவு முந்தாநேத்து எட்டு, நேத்தும் எட்டு. இப்டியே எடுத்துக்கினு போனா நாளைக்கு ஏழுதான் வரும். அப்பால நோய் இன்னான்னு கேட்டா, எங்க ரெண்டு பேரு பேரத்தான் எழுதணும்."

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே சீட்டில் அந்தப் பரிசோதனை வரியை அடித்தார். நான் சொன்னதைத்தான் அவன் சொன்னான். என் வாதத்தில் இல்லாத எதுவும் அவன் வேடிக்கையில் இல்லை.

அவன் வார்டுக்குள் போய், "யக்கா, ஊசிக்காரன வெரட்டிட்டேன். வாரத்துக்கு ஒருக்கா குட்த்தா போதும். படு" என்றான்.

"மெய்யாலுமா நைனா?" என்று அவள் கையை வெளியே நீட்டினாள்.

அடுத்த வாரம் இரு மருத்துவர்களும் பேசி, நிலைமை மாறினாலொழிய வாரத்துக்குள் அதே பரிசோதனையை மீண்டும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தார்கள். வார்டில் எல்லோரும் அதை அவன் கொண்டுவந்த ஏற்பாடு என்றார்கள். பலர் கைகளில் வலி குறைந்தது. பொதுநலன் என்று தட்டில் வைத்துப் பார்த்தால் யார் சொன்னது என்பதற்கு எடையே இல்லை. ஆனால் என் நெஞ்சு அந்தத் தராசுக்கு உட்படவில்லை.

அவள் தேறி வீடு திரும்பும் நாளில், கணவனோடு சன்னலருகே வந்தாள். என் கூட்டாளி தேநீர் குடிக்க வெளியே போயிருந்தான்.

"சிரிச்ச மூஞ்சி அண்ணாத்தே இல்லியா? சொல்ட்டுப் போலாம்னு வந்தோம்."

"இல்லை. வந்தால் சொல்கிறேன்" என்றேன்.

"இவுரு யாரு?" என்று கணவன் கேட்டான்.

"இவுரா? தெனம் வந்து குத்திக்கினு இருந்தாரே, அவுரு."

அவர்கள் போன சற்று நேரத்தில் அவன் உள்ளே வந்தான். "யார்னா வந்தாங்களாடா?" என்றான்.

"யாரும் வரவில்லை" என்றேன்.