லோத்தலில் பத்துச் செங்கல்

தொண்ணூறுகளில் ஒரு தீபாவளி விடுமுறைக்குக் காசி போகலாம் என்றாள் என் மனைவி. நான் குஜராத்திலுள்ள சிந்துவெளி நகரமான லோத்தலுக்கு அழைத்துப் போனேன். சிந்துவெளிச் செங்கல்லில் உயரத்தைப் போல அகலம் இரு மடங்கு, நீளம் நான்கு மடங்கு என்று நான்கு மாதம் நூலகத்தில் படித்து, மூன்று நோட்டில் குறித்திருந்தேன். அது பொய்த்துப் போனால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவாளே என்ற கவலையில் ரயிலில் தூக்கமே இல்லை.

நான் வேலை பார்த்த அருள்புரம் பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுபோன இஞ்ச் டேப்பை முதல் செங்கல்லில் வைத்தேன். நீளத்தில் அரை அங்குலம் குறைந்தது.

"ஏனுங்க, நோட்டு தப்புங்களா, கல்லு தப்புங்களா?" என்று சிரித்தாள்.

டேப்பை மறுபடி வைத்துப் பார்த்தேன்; அதே அளவுதான். பிறகுதான் உறைத்தது. பனியன்களைத் தரம் பார்க்கும் இருபத்தாறு வருடச் செக்கிங்கில் ஒரே பீஸைப் பார்த்து ஒரு லாட்டையே நான் ஒதுக்கியதில்லை. வெவ்வேறு வரிசைகளில் இன்னும் ஒன்பது கல் அளந்தேன். ஒன்பதும் கணக்குத் தவறவில்லை. முதல் கல்லின் முனைதான் உப்பு அரித்துத் தேய்ந்திருந்தது.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் நிமிர்ந்தாள். "நாலாயிரம் வருசம் கழிச்சும் பத்துல ஒண்ணுதான் ரிஜெக்டுங்க. உங்க கம்பெனியில ஒரு நாளாவது இப்படி வந்திருக்குங்களா?"

இல்லை என்று ஒப்புக்கொள்வதில் அன்று எனக்கு அத்தனை பெருமை.