உறியடியும் புரோட்டான் கதிரும்

இன்று வேங்கிக்கால் பஸ்ஸில் எதிர்வீட்டு டாக்டர் குமரனைப் பார்த்தேன். என் தங்கையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள கட்டிக்குப் புரோட்டான் கதிர்ச் சிகிச்சை தரப்போகும் குழுவில் அவனும் உண்டாம்.

"கதிர் கட்டியிலயே நின்னுடும் ஆயா, தாண்டாது. குறி வைக்கத்தான் சென்னையில ட்ரெயினிங்."

என் தோள் வலித்தது. சின்னப் பையனாக இருந்தபோது, உறியடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு பானையை விட்டுவிட்டு என் தோளில் ஒரு போடு போட்டவன் இவன்.

"யார் மேலடா பழகுற?"

"முதல்ல பொம்மை மேல. பெரிய டாக்டர் சரின்னு சொன்னாதான் ஆளுங்களுக்கு."

"கண்ணைக் கட்ட மாட்டாங்களே?"

"ஐயோ ஆயா! இன்னும் மறக்கலையா?"

சரி, தங்கையை அனுப்புகிறேன் என்றேன். "நானும் பக்கத்துல நிக்கணுமா?"

"கதிர் விடும்போது உள்ள யாரும் நிக்கக் கூடாது."

இந்தச் சட்டத்தை உறியடி விளையாட்டுக்கும் அன்றே போட்டிருக்கலாம். என்ன சொல்கிறீர்கள்?