கெஜக்கோல் காட்டிய நான்கு விரற்கடை

தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். மக்காச்சோளக் காட்டில் பன்றி விரட்ட வைத்திருந்த என் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிக்கும் அதே விதிதான். சென்ற முறை அழைப்பு வந்ததும் அதை இறக்கித் துடைத்து, கெஜக்கோலைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தேன்.

இவ்வகைத் துப்பாக்கியில் எல்லாம் குழலின் வாய் வழியேதான் இறங்கும். முதலில் மருந்து, அதன்மேல் தேங்காய் நார், பிறகு ஈயக்குண்டு, மறுபடியும் நார்; இவற்றை இடித்து இறுக்கும் இரும்புக் கம்பியே கெஜக்கோல். பின்புறம் கேப் என்னும் சிறு வெடிமூடியைப் பொருத்தி, விசையை இழுத்தால் குதிரை என்னும் சுத்தி அதன்மேல் விழுந்து வெடிக்கும். குழல் வெறுமையாக இருந்தால் கம்பி வாயோடு சமமாக நிற்கும். அன்று நான்கு விரற்கடை வெளியே நின்றது.

உள்ளே மருந்தும் குண்டும் அப்படியே இருந்தன. முந்தின ஆண்டு கார்த்திகைக் கடைசி நாளில் பன்றிக்காக மருந்திட்டுக் கெட்டித்தேன், பன்றி வரவில்லை. விடிந்தால் மார்கழி. இறைவனைப் பாடி எழும் அம்மாதத்தில் ஓர் உயிரையும் கொல்வதில்லை என்பது என் நோன்பு. கேப் மூடியை மட்டும் கழற்றிவிட்டு அப்படியே சாத்தி வைத்தேன். தை பிறந்தபோது மறந்தே போனேன். இடையில் ஆயுத பூஜை வேறு. அந்தக் குழலுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அதன் வாய்க்கு நேரே மனைவியை அமர்த்தி, நான் பதிகம் பாடியிருக்கிறேன்.

சுட்டுத் தீர்க்கலாமென்றால் தேர்தல் நேரத்தில் வெடிச்சத்தம் கூடாது. துருவேறிய குழல் பிளந்தாலும் பிளக்கும். பக்கத்துக் காட்டுக்காரரும் உரிமம் உள்ளவர். நடந்ததைச் சொல்லி அவரை அழைத்துவந்தேன். மனைவியைத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டு, குழலில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார். பிறகு கம்பியின் நுனியில் திருகாணி போன்ற கொக்கியைப் பூட்டி, அதில் நாரை மாட்டி வெளியே இழுத்தார். குண்டுகள் தட்டில் உருண்டன. பின்னால் நனைந்த மருந்து கரிய சேறாக வழிந்தது.

அதில் நனையாமல் இருந்த ஒரு துணுக்கை அடுப்புத் தணலில் போட்டார். குப்பென்று பற்றியது.

“பொட்டு வச்சீங்களே மாமா, கோலை விட்டுப் பாத்தீங்களா? மருந்துக்கு மார்கழி தெரியுமா?” என்றார்.

குழலைத் துடைத்து உலர்த்தி, கோணியில் சுற்றிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம், வெறும் குழல் என்று அறிந்தும் அதன் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பிக்கொண்டேன். நிலையத்தில் காவலர் தாமே கெஜக்கோலை விட்டுப் பார்த்தார். அது வாயோடு நின்றது. ரசீதை நீட்டி, “எலெக்‌ஷன் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கங்க, ஐயா” என்றார்.

வாங்கிக்கொள்ளாமலே உரிமத்தைத் திருப்பித் தருவதற்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

“அப்ப சோளத்துக்குக் காவல்?” என்றார் காவலர்.

ஒரு வெள்ளைத்தாள் மட்டும் கேட்டு வாங்கினேன்.