எங்கள் மாப்பிள்ளையின் புதுப் பெயர்

காலையில் நான் பல் விளக்கிவிட்டு வரும்போது எங்கள் மாப்பிள்ளை ஃப்ரிட்ஜின் முதுகில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார். சத்தம் போடாதே என்று எனக்குக் கையால் ஜாடை காட்டுவார். என் வீடு, என் சமையலறை, என் ஃப்ரிட்ஜ். "கம்ப்ரசர் மூச்சு வாங்குது மச்சான். இன்னும் ரெண்டு வருஷம் ஓடினா பெரிசு" என்பார். நான் கேட்கவே இல்லை. கேட்காததைச் சொல்வதுதான் அவருடைய வியாதி. அந்த வியாதி எங்கள் பிராணனை வாங்கிய கதைதான் இது.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். ஏசி மெக்கானிக். ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர். டீயை ஆறவைத்து, மேலே ஆடை படர்ந்த பிறகுதான் குடிப்பார். கடைக்கு அனுப்பினால் கடைக்காரரின் ஐஸ் பெட்டியைத் தட்டிப் பார்த்து, அதற்கு என்ன கோளாறு என்று அவருக்கு விளக்கிவிட்டு, வாங்கப் போனதை வாங்காமல் திரும்பி வருவார். என் மனைவி இப்போது அவரைக் கடைக்கு அனுப்புவதே இல்லை.

இவர் ஜெயிலுக்குப் போய் வந்தவர். பொய் வழக்கு, யாரோ மாட்டிவிட்டார்கள் என்றெல்லாம் நான் பூசி மெழுகப் போவதில்லை. ஒரு பெரிய கட்டடத்தில் பழைய ஏசிகளைக் கழற்றும் வேலையில் இருந்தார். கழற்றியதிலிருந்து செம்புக் குழாய்களை எடுத்தார். பழையது தீர்ந்ததும் புதியதிலும் கை வைத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் தங்கை அவர் கையிலிருந்து டூல்ஸ் பையை வாங்கி ஆணியில் மாட்டுவாள். ஒரு நாள், என்ன இது இவ்வளவு கனக்கிறது என்று கேட்டாளாம். புது ஸ்பேனர் என்றாராம். கடைசியில் போலீஸ் வந்து, அவளும் குழந்தையும் படுத்திருந்த கட்டிலுக்கு அடியிலிருந்துதான் அத்தனை குழாயையும் இழுத்து வெளியே போட்டது. அக்கம்பக்கம் முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

அதற்குப் பிறகு தங்கையும் குழந்தையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அவர் வெளியே வந்ததும் எங்கள் ஹாலில் ஒரு பாய் கூடியது. முன்பெல்லாம் என் தங்கை வாய்க்கு வாய் "என்னங்க, என்னங்க" என்பாள். கேட்கிற எனக்கே சலிப்பாக இருக்கும். இப்போது அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை. "சாப்பாடு ஆறுது" என்று சுவரிடம் சொல்வாள். என்னிடம் மட்டும் ஒருமுறை மனதைத் திறந்து சொன்னாள்: "ஒரு எடத்துல வேலைல நிக்கட்டும் அண்ணா. அப்புறம் தனியா வீடு பாக்கறதப் பத்திப் பேசலாம். இல்லன்னா நானும் பாப்பாவும் இங்கயே இருந்துக்கறோம். அவர் எங்கயாவது போய்ப் பொழைச்சுக்கட்டும்."

வேலை எங்கே கிடைக்கிறது! அவர் அப்பா அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார் பாருங்கள், உலகத்தில் வேறு யாருக்குமே இல்லாத பெயர். போனில் தட்டினால் முதலில் வருவது அவர் படம்தான். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், பெரிய மீசையோடு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பார். அங்கேயும் ஏதோ மெஷின் சத்தம் காதில் விழுந்திருக்கும். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்களும் தட்டிப் பார்ப்பீர்கள். வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் தட்டிப் பார்த்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவரும் அனுப்பவில்லை.

பெயரை மாற்றிவிடலாம் என்ற யோசனை என்னுடையது. தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சாதாரணப் பெயராகப் பார்த்து நானே தேர்ந்தெடுத்தேன். லீவு போட்டுவிட்டு அவரோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். என்ன காரணத்துக்காக மாற்றுகிறீர்கள் என்று குமாஸ்தா கேட்டார். இவர் ஜெயில், செம்பு, கட்டில் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஓர் அடி தள்ளி நின்றார்கள். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோர்ட்டிலும் போலீசிலும் பழைய பதிவு அப்படியேதான் இருக்கும், தெரியுமல்லவா என்றார். தெரியும் என்றேன். 'சொந்தக் காரணம்' என்று அவராகவே போட்டுக்கொண்டார். அதோடு விட்டதா? பழைய பெயர் இன்னது, புதுப் பெயர் இன்னது என்று பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டுமாம். மறக்கடிக்கத்தான் பெயரை மாற்றுகிறோம், அதை ஊருக்குத் தண்டோரா போட்டு மாற்ற வேண்டும் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? அதையும் கொடுத்தேன். மீசையையும் எடுக்கச் சொன்னேன்.

புதுப் பெயரோடு முதலில் போனது ஒரு லாட்ஜுக்கு. மேனேஜருக்கு இவரைப் பிடித்துவிட்டது. இதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். "ஜெயில்லங்க" என்றிருக்கிறார் இவர். அடுத்த இடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாளைக்கு வந்து சேருங்கள் என்று கை கொடுத்துவிட்டார்கள். இந்த மனிதர் வாசல் வரைக்கும் வந்தவர், ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன் என்று திரும்பி உள்ளே போயிருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த டம்ளரை விட்டெறிந்திருப்பேன். குழந்தை பார்த்துக்கொண்டிருந்ததால் வைத்துவிட்டேன். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா மாப்ள உங்களுக்கு?" என்றேன்.

"எடுத்தது நான்தானே மச்சான். பேரா எடுத்துச்சு?"

"அப்புறம் எதுக்கு நாய் மாதிரி அலைஞ்சு பேர மாத்தினோம்?"

அவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "நான் சொல்றதுக்குள்ள போன் சொல்லிடுது மச்சான். இனிமே நானே சொல்லலாம்னுதான்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் லீவாவது மிஞ்சியிருக்கும்.

அடுத்தது ஒரு ஐஸ் கிடங்கு. இந்த முறை நானும் கூடப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராக எதையும் சொல்லக் கூடாது, கேட்டால் மட்டும் பதில் என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கிடங்கின் முதலாளியம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நேராக வேலையைப் பற்றிப் பேசினார். இவரும் கேட்டதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னார். சேர்ந்துகொள்ளுங்கள் என்றார் அந்த அம்மா. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. உடனே அந்த அம்மா, இந்தப் பெயரில் இங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவனை நெட்டை என்கிறோம், இன்னொருவனைக் கண்ணாடி என்கிறோம், உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார்.

இவர் பழைய பெயரைச் சொன்னார்.

மேஜைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். "ஏன் மச்சான் மிதிக்கிறீங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். அந்த அம்மா போனை எடுத்துத் தட்டினார். படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "இதுல மீசை இருக்கே" என்றார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"சாயங்காலம் கேட்ல பையத் தொறந்து காட்டிட்டுத்தான் போகணும். மத்தவங்க வேண்டாம். நீங்க மட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் நடுவில் ஒருவரை மட்டும் நிறுத்திச் சோதிப்பதா என்று வாயைத் திறக்கப் போனேன். இவரோ தோளில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல், "அதான் சரிங்க" என்றார். அங்கே எல்லாரும் இப்போது அவரை 'மீசை' என்கிறார்கள். இல்லாத மீசைக்கு ஒரு பெயர்; நான் பார்த்துப் பார்த்து வைத்த பெயரைக் கூப்பிட ஆளில்லை.

இரண்டு மாதமாக அங்கேதான் இருக்கிறார். கேட்டில் பையைத் திறந்து காட்டிய பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. சாயங்காலம் வந்தால் செருப்பைக் கழற்றாமல், பையின் ஜிப்பை முழுக்கத் திறந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலிலேயே நிற்பார். இது கிடங்கு இல்லை, வீடு என்று சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்து, "பாத்தாச்சு, உள்ள வாங்க" என்றேன். "நீங்க இல்ல மச்சான்" என்றார். என் தங்கை சமையலறையை விட்டு வரமாட்டாள். கடைசியில் கை சோர்ந்து அவரே பையை மூடி ஒரு மூலையில் வைப்பார்.

நேற்று அவள் வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பைக்குள் கையை விட்டாள். ஒப்புக்குப் பார்க்கவில்லை, ஸ்பேனர்களை நகர்த்தி, துணியை உதறி, அடி வரைக்கும் துழாவினாள். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். கடைசியில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, பாதி சாப்பாடு அப்படியே இருக்கு" என்றாள். பையை அவர் கையிலிருந்து வாங்கினாள். ஹாலில் என் குடை தொங்கிய ஆணிக்கு வந்து, குடையை எடுத்துத் தரையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பையை மாட்டினாள்.