மாப்பிள்ளைக்கு நான் பட்ட புலிக் கடன்

ஆசிரியைக்கு ஓய்வூதியம் வந்தாலும் அவளுடைய திருத்தும் குணத்துக்கு ஓய்வு வராது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர், பெங்களூரு ஆஸ்டின் டவுன் பள்ளியில் என் வகுப்புக்கு அடுத்த அறையில் கணக்கு நடத்திய ஸ்டெல்லா டீச்சர். நான் அதை உடனே மறுத்தேன். மறுப்பதற்கு முன், அவர் வாக்கியத்திலிருந்த ஒருமை பன்மைப் பிழையைச் சுட்டிக்காட்டினேன்.

திருமண அழைப்பிதழில் சந்திப்பிழையைக் கண்டதும் மணமக்களின் பெயரைப் படிக்காமலே மடித்துவைத்த தமிழாசிரியைகளே, முன்னால் போகும் லாரியின் முதுகில் எழுதியிருப்பதைத் திருத்திக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. பணியில் இருந்தவரை நம்மைத் தாங்கிக்கொள்ள மாணவர்கள் இருந்தார்கள். இப்போது அந்தப் பொறுப்பைக் குடும்பம் ஏற்றிருக்கிறது. என் குடும்பம் அதை ஏற்றுக்கொண்டுதான் என்னை நாகரஹொளேக் காட்டுக்கு விலங்கு பார்க்க அழைத்துச் சென்றது.

காளை வணக்கம்

என் மகள் மணிமொழியின் கணவர் பிரபு, தொம்மலூரில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். பண்பானவர். ளகரத்தைத் தவிர அவரிடம் நான் குறை கண்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்றே, "உங்க பல்லிக்கூடத்தைப் பத்தி நிறைய கேல்விப்பட்டிருக்கேன் அத்தை" என்றார். பல்லிகளுக்கென்று தனியாகக் கூடம் எதையும் நான் நடத்தவில்லை என்று பணிவுடன் தெரிவித்தேன்.

அதன் பலன் வேறு வடிவில் வந்தது. அன்று முதல் என் எதிரில் ஐயம் தோன்றும் இடமெல்லாம் ளகரத்தையே போட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்துகொண்டார். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வரும்போது வாசலிலேயே கைகூப்பி, "காளை வணக்கம், அத்தை" என்பார். மாமியார் மாப்பிள்ளையைத் திருத்துவது முறையன்று என்பதை நானும் அறிவேன். ஆனாலும் வாரந்தோறும் ஒரு காளையை வணங்கிவிட்டு எப்படிக் காப்பி குடிப்பது? ஒவ்வொரு முறையும் நிதானமாகத் திருத்தினேன். ஒருநாள் மணிமொழி சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்: "அம்மா, இங்க கிளம்பறதுக்கு முன்னாடி அவர் பாத்ரூம்ல நின்னு ஒத்திகை பாத்துட்டு வர்றாரு, தெரியுமா உனக்கு?"

மார்க் போடாத மொழி

பிரபுவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் இல்லை. காட்டில் ஒரு புலியைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது மட்டும் நெடுநாளாக இருக்கிறது. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஏதாவதொரு காட்டுக்குப் போய், மானையும் மயிலையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். தொழிற்சாலையில் அவருடைய நண்பர்கள், "பிரபு சார் கிளம்பிட்டாரா, அப்ப புலிக்கு லீவு" என்று சொல்வார்களாம். சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். சொல்லி முடித்த பின் அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. இம்முறை என்னை அழைத்ததற்கும் காரணம் இருந்தது. என் ராசியில் ஒரு புலி வரும் என்று அவர் நம்பினார்.

மைசூரு தாண்டி ஒரு சிறிய மெஸ்ஸில் சாப்பிட அமர்ந்தோம். பரிமாறியவரிடம் பிரபு சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் ஹுளி கேட்டார். ஹுளி என்பது கன்னடத்தில் புளி. புளி விட்டுச் செய்யும் குழம்புக்கும் அதுதான் பெயர். அவர் சொன்ன ளகரத்தில் ஓர் எள்ளளவும் பழுதில்லை. நான் இலையிலிருந்து தலையை நிமிர்த்தினேன். "மாப்பிள்ளை, கன்னடத்தில் புலிக்கு என்ன சொல்?" என்றேன். "ஹுலி" என்றார். நுனிநாக்கு உரிய இடத்தைத் தொட்டது. "பிறகு தமிழில் மட்டும் ஏன் இரண்டும் இடம் மாறுகின்றன?" என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கன்னடத்துல யாரும் மார்க் போடறதில்லையே அத்தை."

விளங்குகளுக்கு உணவு

நாங்கள் தங்கிய விடுதியின் முற்றத்தில் மூன்று மொழிகளில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. தமிழில், 'விளங்குகளுக்கு உணவு அளிக்காதீர்கள்' என்று எழுதியிருந்தார்கள். விளங்குவது அறிவு, விலங்கு என்பது கால்நடையிலிருந்து காட்டுயிர் வரை என்று யாரிடம் போய் முறையிடுவது? கைப்பையில் சிவப்புப் பேனா இல்லாமல் நான் வெளியூர் செல்வதில்லை. திருத்தினேன். திருத்திய எழுத்தின் கீழ் பழக்கத்தால் கையொப்பமும் இட்டுவிட்டேன்.

பிரபு சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். ளகரம் லகரமாவதைக் கண்ட அவர் முகத்தில், விடைத்தாள் வாங்க வரிசையில் நிற்பவனின் கலக்கம் தெரிந்தது. அதற்குள் விடுதி மேலாளர் வந்துவிட்டார். தருமபுரிக்காரர். பலகையையும் என் பேனாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எழுதி இத்தனை வருசத்துல இதைப் படிச்ச மொத ஆளு நீங்கதாம்மா. மத்தபடி அது மேல குரங்குதான் உக்காரும்."

அமைதி காக்க

மாலையில் வனத்துறை வண்டியில் ஏறினோம். ஓட்டுநர் நாகண்ணா எங்களைத் திரும்பிப் பார்த்து, "யாரும் மாத்தாடக் கூடாது. சத்தம் பண்ணா ப்ராணி ஓடிடும்" என்றார். பேசக் கூடாது என்பது நியாயமான விதி. நான் பணிக்காலம் முழுவதும் வலியுறுத்தியது இதைத்தான்.

முன் இருக்கையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் கேமராவோடு அமர்ந்திருந்தார். புதர் அசைந்தால் "புலிங்க" என்பார். மான் தலை தூக்கினால் "புலிங்க, புலிங்க" என்று எழுந்து நிற்பார். வண்டி முழுவதும் அவரோடு எழும். மான்கள் ஓடிவிடும். பிரபு ஒவ்வொரு முறையும் கழுத்தை நீட்டி, ஒவ்வொரு முறையும் ஏமாந்து அமர்ந்தார். நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு தொண்டையைச் சற்றே செருமினேன். நம் செருமல் எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் அமர்ந்தார். அவருடைய மனைவி முறுக்குப் பையை மூடினார். நாகண்ணா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், டெய்லி வந்துடுங்க. எனக்கு அர்த்தம் வேலை கம்மி."

அர்த்தம் என்றால் பொருள். பாதி என்பதற்கு அவர் சொல்ல நினைத்தது கன்னடத்து அர்த. திருத்தினேன்.

ளகரம் செய்த வேலை

வண்டி ஒரு திருப்பத்தில் மெல்லச் சென்றபோது பிரபு என் முழங்கையைப் பற்றினார். திருமணமான நாள் முதல் அவர் அப்படிப் பற்றியதில்லை. மூச்சே குரலாக, "அத்தை, புளி" என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். சுற்றிலும் தேக்கு, ஒரு புளியமரம்கூட இல்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கிய பிறகு நான் செய்ய வேண்டியது புதரைப் பார்ப்பது. நான் செய்தது வேறு.

"புளி அல்ல, மாப்பிள்ளை, புலி. நுனிநாக்கு மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும்."

ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசை வரை கேட்கும் குரல் எனக்கு. உண்ணிச்செடிப் புதருக்குள் மஞ்சளாக ஏதோ திரும்பியது. கிளைகள் அசைந்தன, பின் நின்றன. நாகண்ணா வண்டியை நிறுத்தி நெடுநேரம் காத்திருந்தார். எதுவும் வெளியே வரவில்லை. பிரபு என் முழங்கையை மெல்ல விட்டுவிட்டு, கேமராவுக்கு மூடி போட்டார். மாப்பிள்ளை என்ற மரியாதையை அவருக்கு நான் எவ்வளவு தந்தேனோ தெரியாது. அத்தை என்ற மரியாதையை அவர் முழுமையாகக் காப்பாற்றினார். விடுதிக்குத் திரும்பி இறங்கும்போது மணிமொழிதான் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்: "அம்மா, நீ அவருக்கு ஒரு புலி பாக்கி."

வலப்பக்கம்

மறுநாள் காலையில் அதே வண்டி, அதே இருக்கைகள். ஏறுவதற்கு முன் மணிமொழி என் கையில் ஒரு பெப்பர்மின்ட்டைக் கொடுத்து, அது கரையும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றாள். பனி விலகிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் இடப்புறம் யானைகள் நின்றன. எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள், பிரபுவும்தான்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டே கடைசிப் பெஞ்சில் கடலை தின்பவன் யார் என்று கண்டவர்கள் நாம். வலப்புறப் புல்லில் ஒரு காது அசைந்ததை நான் தலையைத் திருப்பாமலே கண்டேன். பிறகு நெற்றி, பிறகு தோள். அதன் பின்னால் இரண்டு சிறிய முகங்கள்.

பெப்பர்மின்ட்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கினேன். புலி என்று சரியாகச் சொன்னால் கோயம்புத்தூர்ப் பெரியவர் எழுந்து நிற்பார், தோளைத் தொட்டால் பிரபு "என்ன அத்தை?" என்று உரக்கக் கேட்பார். அந்த வண்டியில் அவருக்கு மட்டும் பொருள்படும் சொல் ஒன்றுதான் இருந்தது. முப்பதாண்டுப் பணியில் ஒருமுறையும் என் வாயிலிருந்து வராத பிழையை, நாக்கை வேண்டுமென்றே மடித்து, அவர் காதருகே சொன்னேன்.

"மாப்பிள்ளை, வலப்பக்கம் புளி."

முன்னிருக்கைப் பெரியவர் திரும்பாமலே முணுமுணுத்தார்: "காட்டுக்கு வந்து புளியமரத்தைப் போய்ப் பாக்கறாங்க பாருங்க." யானைகளைத் தொடர்ந்து படம் பிடித்தார்.

பிரபு திரும்பினார். கேமரா மடியிலேயே கிடந்தது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. தாய் பாதையின் நடுவே நின்று எங்களை ஒரு பார்வை பார்த்தது. வகுப்பை மேற்பார்வையிட வந்த அதிகாரியை நான் பார்த்துவந்ததும் அப்படித்தான். குட்டிகளில் ஒன்று தாயின் வாலைக் கவ்வ முயன்று தவறவிட்டது. மூன்றும் நிதானமாகப் பாதையைக் கடந்து மூங்கிலுக்குள் மறைந்தன. அதற்கும் வெகுநேரம் கழித்தே பிரபு மூச்சுவிட்டார். என் பக்கம் குனிந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்லத் தயாரானேன்.

"அத்தை, அது புளி இல்ல, புலி. நுனிநாக்கு மேற்பல்லோட அடியைத் தொடணும்."

எழுத்துக்கு எழுத்து கவனித்தேன், பிழை ஒன்றுமில்லை.

ஆகவே ஸ்டெல்லா டீச்சருக்கு நான் சொல்லிக்கொள்வது, திருத்தும் குணம் ஓய்வு பெறாது என்பது மெய்யே ஆனாலும் அது ஒரு காலை விடுப்பு எடுத்தது என்பதும், அந்த விடுப்பில் மாப்பிள்ளைக்கு நான் அடைத்த கடன் அசல் புலி ஒன்று, வட்டி குட்டி இரண்டு என்பதும்தான்.